தாத்தாவின் உலகப்போர் மெடல், பெட்டி, கடிதங்கள் மூன்று வீட்டில் கிடக்கின்றன: ஒன்று சேர்ப்பது எப்படி?

தருமபுரியான் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். அப்பாவின் அப்பா 1940-இல் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸில் (பாலம் போடும், கண்ணிவெடி எடுக்கும் பொறியியல் படை) சேர்ந்து 1946-இல் ஊர் திரும்பியவர். பாகம் பிரித்தபோதே அவருடைய சாமான்களும் பிரிந்துவிட்டன. இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

சென்னையில் பெரியப்பா வீட்டில் இரண்டு வட்ட மெடல். ஒன்றின் பின்பக்கம் ஒரு சிங்கம் ஏதோ மிருகத்தை மிதித்துக்கொண்டு நிற்கிறது. மற்றதில் இந்திய வரைபடம். இரண்டின் விளிம்பிலும் தாத்தா பெயர் இங்கிலீஷில் இருக்கிறது. சிங்க மெடலில் எண்ணின் கடைசி இலக்கம் தேய்ந்துபோய் 3-ஆ 8-ஆ என்று புரியவில்லை.

தருமபுரியில் அத்தை வீட்டில் டிரங்குப் பெட்டி. மூடியில் முன்பு வெள்ளையில் ஏதோ எழுதியிருந்ததாம், பிறகு மேலே பச்சை பெயிண்ட் அடித்துவிட்டார்கள். உள்ளே வாழைமரம் போட்ட நோட்டுகள், நடுவில் ஓட்டை உள்ள காசு, இத்தாலிக் காசு, சிவப்பு வட்டத்தைச் சுற்றி மையால் ஜப்பானிய எழுத்து எழுதிய வெள்ளைத் துணி.

மலேசியாவில் கிள்ளானில் சித்தப்பாவிடம் பே புக்கின் (பட்டாளச் சம்பளப் புத்தகம்) பாதி, ஒரு கட்டுக் கடிதம், சீருடையில் எடுத்த போட்டோ இரண்டு.

இவை போக "மூணு நட்சத்திர மெடல் இருந்துச்சு, பித்தளைன்னு நினைச்சு கடையில போட்டுட்டாங்க" என்கிறார் அத்தை. அது உண்மையா, என்னென்ன நட்சத்திரங்கள், இனிக் கிடைக்குமா? எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும்? எல்லாவற்றையும் சென்னைக்குக் கொண்டுவந்து ஒரே கண்ணாடிப் பெட்டியில் வைக்க நினைக்கிறோம். மெடல்களைப் பளபளவென்று ஆக்க என்ன போட்டுத் தேய்ப்பது?

---

உதகைவாசி எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். புளி, விபூதி, பிராஸோ மூன்றுமே உலோகத்தை ஒரு படலம் எடுத்துவிடும், விளிம்பு எழுத்தும் அதோடு போகும். உங்கள் 3-ஆ 8-ஆ குழப்பமே அப்படி வந்ததுதான். பஞ்சு கொண்டு தூசியைத் துடைத்தால் போதும்.

இரண்டாவது, பொருள்களை இப்போது இடம் மாற்ற வேண்டாம். எது எதோடு சேர்ந்து கிடந்தது என்பதும் ஒரு சான்று. பெட்டியைத் திறந்தபடி மேலிருந்து ஒரு படம், ஒவ்வொரு அடுக்கையும் எடுத்தபின் ஒரு படம், பிறகு ஒவ்வொரு பொருளும் முன்னும் பின்னும், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. மூன்று வீட்டிலும் இதே முறை. ஒரே ஒரு பட்டியல் வையுங்கள்: செ-1, செ-2, த-1, கி-1 என்று வீட்டெழுத்தோடு எண் போட்டு, "யாரிடம் இருக்கிறது, யாரிடமிருந்து வந்தது, யார் சொன்னது" என்று மூன்று கட்டம். அத்தை சொன்ன "மூணு நட்சத்திரம்" கூட ஒரு வரிசையாக இதில் ஏறட்டும், பொருள் இல்லாவிட்டாலும். தகவல் சொன்னவர் பெயரும் தேதியும் எழுதாத பட்டியல் பத்து வருடத்தில் மறுபடி புரளிதான்.

இப்போது அந்த இலக்கம். விளிம்பில் எழுத்துகள் அச்சு ஆணியால் குத்தியவை. ஒரே மெடலில் 3 எல்லாம் ஒரே அச்சு, 8 எல்லாம் ஒரே அச்சு. எண்ணில் வேறு இடத்தில் 3 அல்லது 8 தெளிவாக இருந்தால் அதோடு ஒப்பிடலாம். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை விளிம்போடு கிட்டத்தட்டப் படுத்தாற்போல் பிடியுங்கள். 8-க்கு இடதுபக்கம் இரண்டு வளைவும் மூடியிருக்கும். வெளிச்சம் வலப்பக்கமிருந்து வரும்போது அந்த இடது வளைவில் மெல்லிய பளபளப்பு விழுகிறதா பாருங்கள். மெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எட்டு படமாவது எடுங்கள். இதிலும் தெரியாவிட்டால் பட்டர் பேப்பரை விளிம்பில் சுற்றி 2பி பென்சிலின் பக்கவாட்டால் லேசாகத் தேய்த்துப் பதிவு எடுக்கலாம். சாக்பீஸ் தூள், மாவு எதையும் பள்ளத்தில் அடைக்காதீர்கள்.

பெட்டி மூடிக்கும் இதே டார்ச் வேலைதான். கையால் எழுதிய பெயிண்ட் எழுத்து தடிமனாக இருக்கும், மேலே அடித்த பச்சைக்கு அடியிலிருந்து மேடாகத் தெரியும். தின்னர் போட்டால் இரண்டும் சேர்ந்து உரிந்து வந்துவிடும்.

ஒன்று முக்கியம். இரண்டு மெடலின் விளிம்பையும் முழுதாக, புள்ளி, கோடு உட்பட, எழுதி இங்கே சொல்லுங்கள் (எண்ணின் நடு இலக்கங்களை மறைத்துக்கொள்ளுங்கள்). பெயர் ஒன்று என்பதால் ஆளும் ஒன்று என்று ஆகாது. இந்திய வரைபடம் போட்டது இந்தியா சர்வீஸ் மெடல். போர்க்களப் பணி அல்லாத மூன்று வருடப் பணிக்குக் கொடுத்தது. பெட்டியில் கிடப்பதோ வெளிநாட்டுச் சாமான். இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்று பார்த்துத்தான் ஆக வேண்டும்.

---

ஓட்டைக்காசு எழுதியது:

நோட்டும் காசும் பணமதிப்பில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஆள் எங்கே போனார் என்று காட்டுவதில் மெடலை விட மேல்.

நடு ஓட்டைக் காசில் இங்கிலீஷ், அரபி, ஹீப்ரு மூன்றும் இருந்தால் அது பாலஸ்தீனம். 5, 10, 20 மில் காசுகளுக்கு ஓட்டை உண்டு. மத்தியக் கிழக்கில் இருந்த இந்தியப் பட்டாளத்தார் பலர் கையில் இது புழங்கியது.

வாழைமர நோட்டு ஜப்பானியர் மலாயாவில் அடித்த பத்து டாலர். கவனிக்க வேண்டியது முன்னெழுத்து: எம்-இல் தொடங்கினால் மலாயா, பி-இல் தொடங்கினால் பர்மா (அங்கே ரூபாய்), எஸ் என்றால் டச்சு கிழக்கிந்தியத் தீவுகள். எல்லா நோட்டின் முன்னெழுத்தையும் பட்டியலில் ஏற்றுங்கள். நம் ரிசர்வ் வங்கி நோட்டு மாதிரியே இருந்து, மேலே சிவப்பில் "பர்மா ராணுவ நிர்வாகம்" என்று இங்கிலீஷில் கூடுதலாக அச்சிட்டது ஏதாவது இருக்கிறதா? அது 1945-இல் பர்மா மீட்கப்பட்டபோது புழக்கத்தில் விட்டது. ஜப்பானிய நோட்டைப் போல வழியில் பொறுக்கியதாக இருக்க வாய்ப்பு குறைவு. சம்பளமாகக் கைக்கு வந்திருக்கும்.

குழப்பமே இத்தாலிதான். அது காசா நோட்டா, என்ன வருடம்? "அலைட் மிலிட்டரி கரன்சி" என்று அச்சிட்ட லிரா நோட்டு என்றால் 1943-க்குப் பிந்தியது, ஆள் இத்தாலி மண்ணிலேயே இருந்தார் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஜப்பானியத் துணி இடிக்கும். இத்தாலியில் போரிட்ட 4, 8, 10 டிவிஷன்கள் பர்மாவுக்குப் போகவில்லை. மாறாக 1940-க்கு முந்திய சாதாரண இத்தாலிக் காசு என்றால் இத்தாலிக்கே போக வேண்டிய அவசியமில்லை. எரித்ரியா அப்போது இத்தாலியின் காலனி. 1941 பிப்ரவரி-மார்ச்சில் கெரன் மலைச் சண்டையில் இந்திய 4-ஆம், 5-ஆம் டிவிஷன்கள் இருந்தன. அங்கே இத்தாலிக் காசுதான் புழங்கியது.

இதில் 5-ஆம் டிவிஷன் பாதையைப் பாருங்கள்: 1940 கடைசியில் சூடான், 1941 எரித்ரியா, பிறகு வட ஆப்பிரிக்கப் பாலைவனம், ஈராக், 1943-இல் இந்தியா திரும்பி அரக்கான், 1944 மார்ச்சில் விமானத்தில் இம்பால், 1945 செப்டம்பரில் சிங்கப்பூர், அந்த வருடக் கடைசியில் ஜாவாவின் சுரபாயா. ஓட்டைக்காசும் வாழைமர நோட்டும் ஒரே பெட்டிக்குள் வர இதை விடப் பொருத்தமான பாதை கிடைப்பது கஷ்டம். ஆனால் இது யூகம்தான். அவர் கம்பெனி எண் கிடைக்கும்வரை பென்சிலில் எழுதி வையுங்கள்.

---

ரிஜிஸ்டர் எழுதியது:

ஆவணம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்தியப் படையின் சாதாரண சிப்பாய், சாப்பர் இவர்களின் பணி ஏடு லண்டனில் இருக்காது. லண்டனுக்கு எழுதிக் காசும் காலமும் வீணாக்குகிறவர்கள் அதிகம். ஏடு அந்தந்த ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீஸில்தான். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் ரெக்கார்டு ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன். சப்ளை கோர் தென்பகுதிக்குப் பெங்களூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் படைக்கு லக்னோ, இ.எம்.இ.க்கு (மின், இயந்திரப் பொறியியல் படை) செகந்திராபாத்.

கேட்கும் கடிதத்தில் நான்கு விஷயம் இருந்தே ஆக வேண்டும்: எண், பதவி, பெயர் (எண்ணோடு பொறித்த அதே இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலில்), படைப்பிரிவு. அதோடு தகப்பனார் பெயர், கிராமம், பழைய தாலுகா, பழைய ஜில்லா. 1940-இல் தருமபுரி சேலம் ஜில்லாவில் இருந்தது. தருமபுரி மாவட்டம் என்று எழுதினால் பதிவேட்டோடு ஒத்துவராது. எண் மட்டும் எழுதினால் போதாது. அப்போது ஒவ்வொரு படைப்பிரிவும் தனித்தனியாக எண் போட்டது, ஒரே எண் இரண்டு பிரிவில் இரண்டு பேருக்கு இருக்கலாம்.

ஓய்வூதியம் இல்லாமல் போர் முடிந்து வெளியேறியவர்களின் பணி ஏடு 25 வருடத்துக்குப் பிறகு அழிக்கப்பட வேண்டும் என்பது விதி. "ஏடு இல்லை, அழிக்கப்பட்டது" என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். லாங் ரோல் என்று ஒரு நிரந்தரப் பதிவேடு உண்டு. சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, காரணம் ஆகியவை ஒரே வரியில் அதில் இருக்கும். கடிதத்திலேயே "பணி ஏடு இல்லையெனில் லாங் ரோல் பதிவின் நகல்" என்று கேட்டுவிடுங்கள்.

சாதாரணக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்ட மனு. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், 30 நாள். தனிநபர் தகவல் என்று மறுத்தால் பிரிவு 8(3)-ஐக் காட்டுங்கள்: 20 வருடத்துக்கு முந்திய நிகழ்வு பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது. தவறான அலுவலகத்துக்குப் போனால் 6(3)-இன்படி அவர்களே உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். மனு போடுகிறவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், ஆகவே கிள்ளான் சித்தப்பா மலேசியக் குடியுரிமை பெற்றிருந்தால் அவர் போடக்கூடாது, நீங்கள் போடுங்கள்.

பலர் மறந்துவிடும் இடம் ஒன்று: மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் தமிழக அரசு உதவித்தொகை கொடுத்துவந்தது. பாட்டி வாங்கியிருந்தால் விண்ணப்பத்தோடு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் நகல் வைத்திருப்பார்கள். வீட்டில் தொலைந்தது அந்தக் கோப்பில் கிடைக்கலாம்.

லண்டன் எதற்கு என்றால், கம்பெனியின் போர் நாட்குறிப்புக்கு. கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் மத்தியக் கிழக்குக்கு டபிள்யூஓ 169, தென்கிழக்காசியாவுக்கு டபிள்யூஓ 172 வரிசை. தில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவும் இந்தியப் படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகளை வைத்திருந்தது. சாப்பர் பெயர் அதில் இருக்காது. எந்த நாள் கம்பெனி எந்தப் பாலம் போட்டது, எங்கே கண்ணிவெடி எடுத்தது என்று இருக்கும். வீரப்பதக்கம் ஏதாவது வாங்கியிருந்தால்தான் டபிள்யூஓ 373-இல் பெயரோடு பரிந்துரைத் தாள் கிடைக்கும், லண்டன் கெஜட்டிலும் வரும். மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24-இல் இத்தாலியின் மின்யானோவில் கண்ணிவெடி மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் பெற்றது இப்படித்தான் ஆவணமாக நிற்கிறது.

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேட வேண்டாம். அது பணியில் இறந்தவர்களுக்கு மட்டும். (வேறு யாராவது இறந்தவரைத் தேடினால் ஒரு குறிப்பு: நம்மவர்களின் ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் போட வேண்டும். முனுசாமி, முனிஸ்வாமி, மூனுசாமி என்று எழுத்துக்கூட்டலை மாற்றிமாற்றிப் பாருங்கள்.)

---

தருமபுரியான் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பார்த்துவிட்டேன்.

சிங்க மெடல்: எண் 8-இல் முடிகிறது, இடது வளைவு டார்ச்சில் தெரிந்தது. பதவி எஸ்.பி.ஆர். (சாப்பர்), பெயர், பிறகு மெட்ராஸ் எஸ். அண்ட் எம். (சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்). பெட்டி மூடியிலும் இதே எண்.

வரைபட மெடல்: அதே பெயர், ஆனால் எண் முற்றிலும் வேறு. பதவி டி.வி.ஆர். (டிரைவர்), பிரிவு ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. (சப்ளை கோர்). இதை இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை!

இத்தாலிக் காசு 1939. வாழைமர நோட்டுகள் எம். சிவப்பு அச்சு நோட்டு ஒன்று இருக்கிறது. போட்டோ ஒன்றில் சட்டைப் பைக்கு மேலே மூன்று ரிப்பன், தோளில் கறுப்புச் சதுரம், அதில் ஒன்றும் தெரியவில்லை. கடித உறைகளில் எஃப்.பி.ஓ. என்று ஒரு எண்ணும் தேதியும் வட்ட முத்திரையில் இருக்கின்றன.

---

உதகைவாசி எழுதியது:

வரைபட மெடல் உங்கள் தாத்தாவுடையது அல்ல. சப்ளை கோர் டிரைவர் ஒருவருடையது. நம் வழக்கத்தில் அண்ணன் பிள்ளைக்கும் தம்பி பிள்ளைக்கும் அதே பாட்டன் பெயரை வைப்பார்கள். பட்டாளக் குமாஸ்தா இனிஷியல் இல்லாமல் எழுதிக்கொள்வார். பங்காளி வீட்டில் சப்ளை கோரில் இருந்தவர் யாராவது உண்டா என்று அத்தையிடமே கேளுங்கள். இருந்தால் அந்த மெடலுக்கு வாரிசு அந்த வீடு. அந்த எண்ணுக்கு ரிஜிஸ்டர் சொன்ன சப்ளை கோர் ஆபீஸுக்குத் தனிக் கடிதம்.

போட்டோ விஷயம். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் பலர் பயன்படுத்திய பிலிம் சிவப்பை உணராது. சிவப்பு கறுப்பாகவும், நீலம் வெளுத்தும் விழும். 5-ஆம் டிவிஷனின் தோள் அடையாளம் கறுப்புத் துணியில் சிவப்பு வட்டம். அப்படிப்பட்ட பிலிமில் கறுப்பு மேல் கறுப்பாகத்தான் விழும், வெறும் சதுரமாகத் தெரியும். மூலப் படத்தை 1200 டிபிஐ-இல் ஸ்கேன் பண்ணி, கருமைப் பகுதியை மட்டும் வெளுக்க வைத்தால் வட்டத்தின் தையல் ஓரம் தெரியக்கூடும். ஒப்பிட, மற்ற இந்திய டிவிஷன்களின் அடையாளம்: 17-க்குக் கறுப்புப் பூனை, 19-க்குக் குத்துவாள் பிடித்த கை, 23-க்குச் சேவல், 25-க்குச் சீட்டுக்கட்டின் ஸ்பேட் ஆசு. இவை எல்லாம் வெறுமையாக விழாது.

ரிப்பனையும் இதே கண்ணோடு பாருங்கள். அகலம் ஒவ்வொன்றும் 32 மி.மீ. உங்களுக்கு இடதுபக்கம் இருப்பதிலிருந்து வரிசை. முதலாவது 1939-45 நட்சத்திரம்: கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் மூன்றும் சமமான பட்டை, போட்டோவில் நடுப்பட்டை கறுப்பு. அடுத்தது ஆப்பிரிக்கா: மணல் நிறம், நடுவில் சிவப்பு, ஆகவே வெளுத்த ரிப்பனில் கறுப்பு நடுக்கோடு. மூன்றாவதுதான் தீர்ப்பு. இத்தாலி என்றால் சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு. இரண்டு வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். பர்மா என்றால் நீலத்தில் ஆரஞ்சு, நடுவில் அகலச் சிவப்பு. வெள்ளை எதுவும் இல்லை. வெள்ளைக் கோடு இல்லையென்றால் அத்தை சொன்ன மூன்று நட்சத்திரம் 1939-45, ஆப்பிரிக்கா, பர்மா. பர்மா நட்சத்திரம் அறிவிக்கப்பட்டதே 1945 மே மாதம் என்பதால் போட்டோவும் அதற்குப் பிந்தியது.

எரித்ரியாவில் இருந்தவர்களுக்கும் ஆப்பிரிக்கா நட்சத்திரம் உண்டு, வட ஆப்பிரிக்காவுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் தேடுங்கள். 1945-46-இல் ஜாவாவில் இருந்தவர்களுக்கு "எஸ்.இ. ஏசியா 1945-46" என்று பொறித்த உலோகப் பட்டையோடு ஜெனரல் சர்வீஸ் மெடல் வந்தது. ஊதா ரிப்பன், நடுவில் பச்சை. அது வெள்ளி. வெள்ளி என்பதாலேயே நகைக்கடையில் உருக்கப்பட்டவை ஏராளம். வீட்டில் யாருக்கும் நினைவில்லை என்பதால் இல்லவே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். தகுதி உண்டா என்பதைச் சுரபாயா காலத்தில் அவர் கம்பெனி எங்கே இருந்தது என்பதே சொல்லும்.

---

ஓட்டைக்காசு எழுதியது:

உறைகளை அலட்சியமாக விடாதீர்கள். "கேர் ஆஃப் இத்தனையாம் எண் ஏ.பி.பி.ஓ." என்று கையால் எழுதிய முகவரி தபால் பிரிக்கும் தளம் மட்டும், ஆள் அங்கே இருந்தார் என்று பொருளில்லை. வட்ட முத்திரையின் எஃப்.பி.ஓ. எண்தான் களத் தபால் நிலையம். அது பட்டாளத்தோடு நகரும், அதனால் எண்ணும் தேதியும் சேர்ந்தால்தான் ஊர் தெரியும். தபால் வரலாற்றுச் சேகரிப்பாளர்கள் இந்தப் பட்டியலைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். கடிதத்தையும் உறையையும் பிரித்துவிடாதீர்கள், ஸ்டாம்புக்காக மூலையை வெட்டவும் விடாதீர்கள். அனுப்புநர் முகவரியில் "ஃபீல்ட் கம்பெனி" அல்லது "ஃபீல்ட் பார்க் கம்பெனி" என்பதற்கு முன் ஒரு எண் இருந்தால் அதுதான் டபிள்யூஓ 169, 172-இல் தேட வேண்டிய எண்.

---

பழையகடை எழுதியது:

தொலைந்த நட்சத்திரங்கள் பற்றி. உருக்கினால் பெரிய காசு வராது. செம்பும் துத்தநாகமும் கலந்த மலிவான உலோகம். அதனால் பாத்திரக்கடைக்குப் போனது அங்கேயே அழிந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பழம்பொருள் வியாபாரி வழியாக வெளிநாட்டு ஏலம்வரை போனவை உண்டு.

பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்கள் பெயர் இல்லாமல் வெறுமையாக இருக்கும். இந்தியப் படையினருடையவற்றில் பின்பக்கம் எண், பெயர், பிரிவு பொறித்தவை நிறைய. அதனால்தான் தேடுவதில் பயன் இருக்கிறது. தேடும்போது பெயரைப் போடாதீர்கள். விற்கிறவர் இஷ்டத்துக்கு எழுத்துக்கூட்டியிருப்பார். எண்ணை மட்டும் போடுங்கள். ஈபேயில் எண்ணைச் சேமித்த தேடலாக வைத்தால் வந்தவுடன் அஞ்சல் வரும். லண்டன் நூனன்ஸ் (முன்பு டிக்ஸ் நூனன் வெப்) ஏல நிறுவனத்தின் பழைய ஏலப் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். எண் வராவிட்டால் "மெட்ராஸ் எஸ். அண்ட் எம்." என்று பிரிவை வைத்துப் பாருங்கள். பின்னால் பொறித்தவற்றில் "ஆர்.ஐ.இ." (ராயல் இந்தியன் இன்ஜினியர்ஸ்) என்றும் இருக்கலாம், ஆகவே அதையும்.

யாராவது "இது உங்கள் தாத்தாவுடையதுதான்" என்று கொண்டுவந்தால் வெர்னியர் வைத்து அளக்கவும். வட்ட மெடல்களின் விட்டம் 36 மி.மீ. பழைய பெயரை அரத்தால் தேய்த்துப் புதுப்பெயர் பொறித்திருந்தால் அரை மில்லி வரை குறையும், விளிம்பும் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். எழுத்தின் அடியில் பிசிறு இருந்தால் அண்மையில் வெட்டியது.

கிடைக்கவே இல்லையா? வெறும் நட்சத்திரமோ நகலோ வாங்கிச் சட்டத்தில் மாட்டலாம், தவறில்லை. ஆனால் பின்னால் "நகல்" என்று எழுதி ஒட்டுங்கள். தாத்தா எண்ணை அதில் பொறிக்காதீர்கள், அடுத்த தலைமுறைக்கு அது பொய்ச்சான்று ஆகிவிடும். வேறு ஒருவர் பெயர் பொறித்ததை வாங்கி இடம் நிரப்பவும் வேண்டாம்.

கிள்ளான் பொருள்களை இந்தியாவுக்குக் கொண்டுவரும் முன் குடும்பமாக முடிவெடுங்கள். 1972 தொல்பொருள் சட்டத்தில் பொருளுக்கு 100 வருடம், வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப்படி, ஆவணங்களுக்கு 75 வருடம். கடிதக் கட்டு இங்கே வந்துவிட்டால் திரும்பச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பத் தொல்லியல் துறையிடம் போய் நிற்க வேண்டி வரலாம். ஸ்கேன் வாங்கிக்கொண்டு மூலத்தை அங்கேயே விடுவது மோசமில்லை. பே புக்கின் இரண்டு பாதியும் ஒரே பட்டியலில் இருந்தால் போதுமே. மற்றப் பாதி எங்கே என்று கேட்டீர்களா? டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருக்கும் செய்தித்தாளைத் தூக்கிப் பாருங்கள்.

பெட்டியில் தோட்டா இருந்தால், வெறும் கூடா மருந்தோடு இருப்பதா என்று தட்டிப் பார்க்க வேண்டாம். தொடாமல் காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

---

சேலத்துக் கோபுரம் எழுதியது:

பே புக், டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் எல்லாம் லேமினேட் பண்ணிவிட்டால் பத்திரமாக இருக்குமே?

---

ரிஜிஸ்டர் எழுதியது:

இருக்காது. சூட்டில் பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும், திரும்ப எடுக்க முடியாது. மங்கிய முத்திரையைப் படிக்கவும் முடியாமல் போகும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறையில் ஒட்டாமல் செருகி வையுங்கள். கடையில் கிடைக்கும் வாசனை அடிக்கும் மெத்து பிவிசி உறை வேண்டாம், மெடலில் பச்சையாகப் பிசுபிசுக்க வைப்பது அதுதான். ரப்பர் பேண்டும் வேண்டாம், கந்தகத்தால் வெள்ளி கறுக்கும். போட்டோவின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள். மென்மையான பென்சில், ஓரத்தில். ஆல்பத்தில் ஒட்டியிருப்பதை உரிக்காமல் பக்கத்தோடு ஸ்கேன்.

---

கிழக்குக்கரை எழுதியது:

ஜப்பானியத் துணி பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. சிவப்பு வட்டத்தைச் சுற்றிக் கதிர் மாதிரி எழுத்து என்றால் அது யோசெகாகி ஹினோமாரு. படைக்குப் போகும் ஜப்பானிய இளைஞனுக்கு உறவினரும் ஊராரும் கையெழுத்திட்டுக் கொடுத்த கொடி. மேலே பெரிதாக நான்கு எழுத்து இருந்தால் பெரும்பாலும் "புஉன் சோக்யூ", போரில் நீடித்த நல்லூழ் என்ற வாழ்த்து. கொடிக்குரியவர் பெயர் ஒரு ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சற்றுப் பெரிதாக, முடிவில் "குன்" என்ற மரியாதை எழுத்தோடு இருப்பது வழக்கம். மற்றவை கையெழுத்துகள்.

துவைக்காதீர்கள். மை சாதாரண மசி, சில துணியில் தண்ணீர் பட்டால் பரவும், சிவப்புச் சாயமும் இறங்கும். மஞ்சள் கறையும் இருக்கட்டும். இஸ்திரி வேண்டாம், மடிப்பில் பட்டு நூல் முறியும். அமிலமற்ற தாளை நடுவில் வைத்து உருளையாகச் சுற்றி வையுங்கள். நாப்தலின் உருண்டை அதே பெட்டியில் வேண்டாம்.

படம் எடுக்கும்போது முழுத்துணி ஒன்று, பிறகு ஒன்பது பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றும், பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி. பின்பக்கமும் வேண்டும், மை ஊடுருவி அங்கே சில எழுத்து தெளிவாக இருக்கலாம். அமெரிக்காவின் ஓரிகனில் ஓபோன் சொசைட்டி என்ற அமைப்பு இந்தக் கொடிகளை ஜப்பானில் உள்ள குடும்பங்களிடம் கட்டணமின்றிச் சேர்க்கிறது. ஊர்ப்பெயர், கோயில் முத்திரை, நிறுவனப் பெயர் எதையாவது வைத்துத் தேடுவார்கள். கிடைத்த இடம் பற்றிக் கேட்பார்கள். அங்கேதான் மேலே சொன்ன எஃப்.பி.ஓ. தேதிகளும் கம்பெனி நாட்குறிப்பும் உதவும். அரக்கானா, இம்பாலா, ஜப்பான் சரணடைந்த பின் சிங்கப்பூரா என்பதில் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய வித்தியாசம் உண்டு. சிங்கப்பூர் என்றால் கொடிக்காரர் உயிரோடு ஊர் திரும்பியிருக்கவும் கூடும்.

கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்பது உங்கள் வீட்டு முடிவு. கொடுத்தால் அளவு, படம், ஒப்படைத்த தேதி மூன்றையும் பட்டியலில் த-எண்ணுக்கு எதிரே எழுதி வையுங்கள், அந்த வரிசையை அழிக்க வேண்டாம்.

---

உதகைவாசி எழுதியது:

கண்ணாடிப் பெட்டி விஷயத்தில் ஒரு வார்த்தை. ஒரே வீட்டில் மாட்டுவதற்கு முன் மூன்று வீட்டாரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பட்டியல் எண் யாருக்குச் சொந்தம், பராமரிப்பு யார், விற்பதற்கோ அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதற்கோ மூவர் சம்மதமும் வேண்டும் என்று. பெங்களூர் சாப்பர்ஸ் அருங்காட்சியகத்துக்கோ வெலிங்டனுக்கோ கொடுக்க நினைத்தால் முதலில் பட்டியலையும் படங்களையும் அனுப்பிக் கேளுங்கள், பொருளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கொடையா, கடனா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பெட்டியை வெயில் விழும் சுவரிலும் பூஜை அறையிலும் மாட்டாதீர்கள். ரிப்பன் வெளுக்கும், சாம்பிராணிப் புகை படியும். பின்பலகை பிளைவுட் வேண்டாம், அதன் ஆவி உலோகத்தைத் தின்னும். மெடலைப் பசையால் ஒட்டாமல் ரிப்பனைத் தைத்து நிறுத்துங்கள். அதற்கு முன் விளிம்பை மறுபடி ஒருமுறை படம் எடுத்துவிடுங்கள். சட்டத்துக்குள் போனபின் அந்த எண்ணை யாரும் பார்க்க முடியாது.